பெமிலாவுக்கு மறதி கிடையாது

பெமிலா இறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது அவளை அடக்கம் செய்ய நான்கு மணி நேரம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடை முடித்து வெளியே வந்து பார்த்தால், நான் எடுக்காமல் விட்ட அழைப்புகள் ஏழு. ஏழும் சாருடையவை. நாகர்கோவிலில் பெமிலாவும் நானும் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரை நடத்தியவர் அவர்.

"அஞ்சு நாளா காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கெடந்திருக்கா. உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அழுகை வருவதற்கு முன்னால் எனக்குள் வந்தது வேறொன்று. அவள் படுத்திருந்தது சாருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. முப்பத்தொரு வயதில் ஒருத்தி செத்துக் கிடக்கும்போதும், அவளுக்கு வேண்டியவர்களின் வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்றுதான் என் மனம் பார்த்தது. பெமிலாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவளுடன் இருந்த ஆண்டுகளில் நான் ஓயாமல் செய்த வேலை, அவள்மேல் பொறாமைப்பட்டதுதான்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் சென்டரில் படித்தவர்கள். முன்னறையில் நான் பாடம் நடத்துவேன், பின்னறையில் அவள் பழுது பார்ப்பாள். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவள் பிளஸ் டூவுக்குப் பிறகு ஆறு மாத ஹார்ட்வேர் கோர்ஸ் படித்தவள். கடற்கரை ஊரான முட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னறையிலிருந்து அவள் சிரிப்பு கேட்கும். உங்கள் கண்களெல்லாம் அந்தக் கதவுக்குப் போகும். நான் எழுதுவதை நிறுத்தாமல், எத்தனை தலைகள் திரும்பின என்று எண்ணிக்கொள்வேன்.

ஒருநாள் ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கு என்ன கேடு?" என்று கேட்டார். பெமிலா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தெரியாது. நாளைக்கு வாங்க, தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவர் சந்தோஷமாகப் போனார். நான் அசந்து போனேன். யாராவது எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால் புத்தகத்தைப் புரட்டி ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவேன். 'தெரியாது' என்று நான் சொன்னால் அது என்னோடு நிற்காது. பொம்பளைப் பிள்ளையை இவ்வளவு படிக்க வைத்தது எதற்கு என்று அப்பாவை ஊரில் கேட்பார்கள். அதை அவளிடம் ஒருமுறை சொன்னேன்.

"தெரியாதுன்னு சொன்னா மெஷின் ஒண்ணும் கோவிச்சுக்காது மக்கா. மனுசங்கதான் கோவிப்பாங்க. நமக்கு வேலை மெஷினோட இல்லியா?" என்றாள்.

2007இல், கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த கையோடு, அப்பா எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். பாகங்களைத் தேர்ந்தெடுத்தவள் பெமிலா. எங்கள் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பூட்டி முடித்தவளும் அவள்தான். வீட்டிலேயே ஒழுகாத, பூட்டுப் போடக்கூடிய அறை நெல் போட்டு வைக்கும் அறைதான். அங்கே மூட்டைகளுக்கு நடுவே மேசையைப் போட்டு அதைக் குடியேற்றினோம். மே மாத விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுக்கப் போகிறேன் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், டீக்கடையில் நின்று, "எம் மக கம்ப்யூட்டர் படிச்சவளாக்கும்" என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள்.

ஏப்ரலில் அது நிற்கத் தொடங்கியது. திரையில் இருந்தது இருந்தபடி உறைந்துவிடும். அம்புக்குறி நகராது. எந்த விசையைத் தட்டினாலும் கேட்காது. சுவிட்சை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். அப்பா கதவருகே வந்து எட்டிப் பார்ப்பார். "என்னட்டீ இது, மலைச்சுப் போய் நிக்கு?" என்பார். "வைரஸ் அப்பா. சரி பண்ணிருவேன்" என்பேன். மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். மூன்று முறையும் நின்றது. எதையும் விடாமல் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை நிமிடத்தில் நின்றது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தேன். அந்த எண்களை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே நெல்லின் சுணை அப்பிக் கிடந்தது. மின்விசிறியின் இறக்கைகளிலும், அதன் கீழே புராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளிலும் பஞ்சு போல அடைந்திருந்தது. வெள்ளையடிக்க வைத்திருந்த சின்ன பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டி எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அலுமினியக் கட்டியையும் நெம்பி எடுத்தேன். அதன் அடியிலும் புராசஸரின் மேலும் ஏதோ வெளுப்பாக, காய்ந்த திருநீறு போல ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அம்மாவின் பழைய சேலைத் துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு, கண்ணாடி போல மின்னும்வரை தேய்த்துத் துடைத்தேன். பிறகு எண்ணெய்ப் பசையும் போகும்படி உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். நான் செய்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அது நான்கு நிமிடத்தில் நின்றது.

அந்த வெளுப்பு அழுக்கில்லை, சூடு புராசஸரிலிருந்து மேலே ஏறுவதற்காகத் தேய்த்த பசை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூன்று வருடப் படிப்பில் ஒரு கம்ப்யூட்டரையும் நாங்கள் திறந்து பார்த்தது கிடையாது. ஆனால் நான் தொட்ட பிறகுதான் மோசமானது என்பது மட்டும் புரிந்தது. வகுப்பு தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. அப்பாதான் சொன்னார், "அந்த முட்டத்துப் பிள்ளையக் கூப்பிடு. பூட்டினது அவதானே?" கூப்பிட எனக்கு மனமே இல்லை. அப்பா தானே போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, "நிக்கட்டும், பொறவு பாப்போம்" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். அம்மா பலாச்சக்கையின் கொட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். இவளும் கூட உட்கார்ந்து உரித்தாள். நான் நெல் அறையில் திரையைப் பார்த்தபடி நின்றேன். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கல்யாணமான புதிதில் அழுதுகொண்டே தாய்வீட்டுக்கு நடந்து போனதையும், தாத்தா வழியிலேயே திருப்பி அனுப்பியதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருடத்தில் என்னிடம் சொல்லாத கதை. பெமிலா நான்கு நிமிடத்தில் அதை வாங்கிவிட்டாள். எனக்கு அன்று கம்ப்யூட்டரைவிட அதுதான் பெரிதாக எரிந்தது.

"நின்னுட்டு!" என்று கத்தினேன்.

வந்தாள். ஒன்றையும் தட்டவில்லை. பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தாள், பின்பக்கம் காற்று வரும் இடத்தில் வைத்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டு, திரை விழிக்கும்போதே ஒரு விசையைத் தட்டினாள். நான் பார்த்தேயிராத ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு மூலையில், மெஷின் தன் சூட்டைத் தானே எழுதிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு. எண்பது. எண்பத்து மூன்று. இப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கியது நான்.

"மெஷின் சும்மா நிக்காது சுபா. ஏன் நிக்குன்னு எங்கேயாவது சொல்லத்தான் செய்யும். கேக்க நமக்குத்தான் பொறுமை இல்ல" என்றாள். மேசைமேல் கிடந்த என் நோட்டை எடுத்தாள். "ஏட்டி, இது என்னதுட்டி?"

"எப்பெப்ப நின்னுதுன்னு எழுதினது."

ஒரு விரலை வைத்து, சத்தமாக வாசித்துக்கொண்டே போனாள். "காலம்பற நாப்பது நிமிஷம். நின்ன உடனே போட்டா ஏழு. மறுபடி போட்டா மூணு. ஒரு மணிக்கூர் கழிச்சுப் போட்டா இருபத்தஞ்சு." நிமிர்ந்து பார்த்தாள். "இது வைரஸ் இல்ல மக்கா. வைரஸ் ஒரு மணிக்கூர்ல ஆறிப் போகாது. சூடுதான் ஆறும். இவ்வளவும் எழுதி வச்சிட்டு நீ எதுக்கு என்னையக் கூப்பிட்டே?"

பதினெட்டு நாள் நான் எழுதியதை அவள் ஒரு மூச்சில் படித்துவிட்டாள். அவள் பக்கத்தைத் திருப்பினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"செவ்வாக்கிழமை காலம்பற நாப்பது. புதன் காலம்பற நாலு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செவ்வாக்கிழமை சாயங்காலம் என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல."

தகட்டைக் கழற்றினாள். தரை முழுக்கச் சுணை கிடக்கிற அறையில், மின்விசிறியில் ஒரு தூசி இல்லை. அலுமினியக் கட்டியை எடுத்துத் திருப்பினாள். அது பளபளவென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அப்பா வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், வகுப்புக்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்திருந்த இரண்டு பேர், எப்போது தொடங்கும் என்று கேட்க வந்தவர்கள்.

"என்ன மக்களே, கொளாறு எங்கேன்னு தெரிஞ்சுதா?" என்று அப்பா பெமிலாவைக் கேட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன், "உள்ள நான் ஒண்ணும் தொடல அப்பா."

பெமிலா ஒரு நொடி கையிலிருந்த கட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நான்தான் மாமா. பூட்டும்போ இதுக்கு அடியில ஒரு பேஸ்ட் தேய்க்கணும். மறந்துட்டேன்."

வந்தவர்களில் ஒருவர், "கடலுக்குப் போறவன் வலையை வீட்டுல வச்சிட்டுப் போன கதையால்லா இருக்கு!" என்றார்.

"ஆமா மாமா. மீனுக்கு அன்னைக்கு நல்ல நேரம்!" என்றாள் பெமிலா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, புராசஸரின் நடுவில் பிதுக்கினாள். "ஒரு நெல்லு அளவு போதும். கூடினாலும் கெடுதல்" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். பூட்டிப் போட்டு அதே பக்கத்தைத் திறந்தபோது நாற்பத்தெட்டில் நின்றது எண். அரைமணி நேரம் கழித்தும் ஐம்பதைத் தாண்டவில்லை. "ஆனா மாமா, கண்டுபிடிச்சது உங்க மகதான். இந்த நோட்டு இல்லன்னா நான் ரெண்டு நாள் சுத்தியிருப்பேன். மேசையை மட்டும் இங்கிருந்து மாத்துங்க, நெல்லுத் தூசி இதுக்கு ஆகாது" என்றாள். அம்மா கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. அன்று இரவு முழுவதும் அவளை வெறுத்தேன் என்பதுதான் உண்மை. தன் நல்ல பெயரை ஒரு நொடியில் கழற்றிக் கீழே வைக்க அவளால் முடிந்தது, மறுநாள் அது தானாகத் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். அதைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன். வகுப்பு நன்றாக நடந்தது. அப்பா அதன்பின் பெமிலாவின் பேச்சு வரும்போதெல்லாம், "கொள்ளாவுன்ன நல்ல பிள்ளை. மறதிதான் கொஞ்சம் கூடுதல்" என்பார். நான் திருத்தவில்லை.

திருத்தாமல் இருந்தது மட்டும் என்றால் இதை எழுதும் கை இவ்வளவு தயங்காது. அந்த ஆண்டே ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் சென்டருக்கு வந்தது. அதைப் பெமிலாவிடம் கொடுப்பதாக இருந்த சார் என்னைக் கூப்பிட்டு, "நீ அவகூடவே இருக்கியே, பொறுப்பா பாத்துக்குவாளா?" என்று கேட்டார். "நல்லா பாப்பா சார்" என்றேன். அங்கேயே நிறுத்தவில்லை. "கொஞ்சம் மறதி உண்டு. எங்க வீட்டு மெஷின்ல பேஸ்ட் தேய்க்க மறந்துட்டேன்னு அவளே சொன்னா" என்றேன். நான் அதிகம் பேசாதவள். பேசாதவர்கள் சொன்னால் உலகம் நம்பிவிடுகிறது. பொறுப்பு என் பெயருக்கு வந்தது. அவள் பழுது பார்க்க வேண்டும், எதையும் மறக்கவில்லை என்று நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வருடம் அப்படி நடந்தது. ஒவ்வொரு மெஷினாக முடித்துவிட்டு, அறையின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுவாள். "மேடம், பேஸ்ட் தேச்சாச்சு. வந்து பாத்துட்டு மூடச் சொல்லுங்க." பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் குனிந்து பார்ப்பேன். எங்கும் ஒரு நெல் அளவு, நடுவில், சரியாக. ஒருநாள் திரும்பி வரும் பஸ்ஸில், வடசேரி பஸ் நிலையம் நெருங்கும்போது, திடீரென்று கேட்டாள்.

"ஏட்டி, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. எதைக் கொண்டுட்டி தொடச்சே? அவ்வளவு சுத்தமா நான்கூட இன்னைக்கு வரைக்கும் தொடச்சது இல்ல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேட்காதது போல இருந்தேன். அவள் தோளால் என்னை ஒரு இடி இடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் அதை எடுக்கவே இல்லை. கல்யாணமாகி, முட்டத்தில் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் வரும். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்க்க மாட்டோம் என்று, கேக் கொடுத்துவிட மாட்டாள். ஒரு வருடமும் தவறியதில்லை.

அடக்கத்தன்று மாதா கோயில் முற்றத்தில் நிற்க இடமில்லை. அவள் பழுது பார்த்த வீடுகளின் ஆட்கள், சென்டர் பிள்ளைகள், அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியைகள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று அங்கேயும் யோசித்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு அப்பாவும் என்னுடன் வந்தார். பூசை முடிந்து அவள் வீட்டில், அவளுடைய அம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அப்பா நினைத்தார்.

"தங்கமான பிள்ளை. ஆளு கொஞ்சம் மறதி, அவ்வளவுதான். எங்க வீட்டுல பூட்டும்போகூட…"

"அவ மறக்கல அப்பா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "அவ தேச்சிருந்தா. நான்தான் தொடச்சு எடுத்தேன். தொடலன்னு பொய் சொன்னேன். அவ எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டா. நான் அதையே சார்கிட்டயும் போய்ச் சொன்னேன்."

அவளுடைய அம்மா என் பக்கம் திரும்பினார். "இருபது சாமான் வாயால சொல்லிவிட்டாலும் இருபதும் வாங்கிட்டு வாற பிள்ளை அவ. ஒருநாள் வந்து சொன்னா, 'அம்மா, நாகர்கோயில்ல எனக்கு மறதிக்காரின்னு பேரு' அப்படின்னு. எவ சொன்னான்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டா." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இதை நீ அவ காதுல சொல்லியிருக்கணும் மக்களே. எங் காதுல சொல்லி நான் என்ன செய்ய?" எழுந்து உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பஸ்ஸில் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி சொன்னார். "ஆறு வருசமா சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். டீக்கடையில சொன்னேன். உன் சித்தி வீட்டுல சொன்னேன். கோயில்ல வச்சுச் சொன்னேன். அன்னைக்கு வந்த ரெண்டு பேரும் இன்னும் எத்தனை பேருகிட்ட சொன்னானுவளோ." பிறகு, "நாளைக்கு எல்லாரையும் பாத்துச் சொல்லிரணும்" என்றார்.

"அப்போ தொடச்சது யாருன்னு கேப்பாங்களே அப்பா."

"எம் மகதான்னு சொல்லுவேன். வேற என்னத்தைச் சொல்ல?"

சொன்னார். மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மத்தியானம் சாப்பிட வரும்வரை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அப்பா தன் பங்கைச் செய்துவிட்டார். என் பங்குக்கு இதை எழுதுகிறேன். சாரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். பெமிலா மறதிக்காரி என்று உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால், அது என்னிடமிருந்து வந்தது. அவள் எதையும் மறக்கவில்லை.

அவளிடமிருந்து அவளுடைய துணிச்சலை எடுத்துக்கொண்டேன் என்று எழுதி முடிக்க ஆசைதான். அது எனக்கு வரவில்லை. என்னிடம் இருப்பது அவள்மேல் எனக்கிருக்கும் பொறாமை மட்டும்தான். அவள் சிரிப்பின்மேலும், அவளைப் பார்க்கத் திரும்பிய தலைகளின்மேலும் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் போகவில்லை. தான் செய்யாத தவறைத் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. நான் செய்ததை என்னுடையது என்று சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது, அவளும் சாக வேண்டியிருந்தது.